ஓய்வுக்காலத்தில் வீட்டு நினைவேடு எழுதுவது எப்படி? பழைய ரசீது முதல் பசலிக் கணக்கு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பணி ஓய்வு பெற்றவரிடம் "உங்க அனுபவத்தையெல்லாம் எழுதி வைங்கப்பா" என்று பிள்ளைகள் சொல்வது வழக்கம். அவரும் ஆசையாக ஒரு நோட்டு வாங்கி, பிறந்த ஊர், தாத்தா பெயர், படித்த பள்ளி என்று தொடங்குவார். நாலைந்து பக்கத்தில் பேனா நின்றுவிடும். இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சோம்பல் இதற்குக் காரணம் இல்லை. வாழ்க்கையை முதல் நாளிலிருந்து வரிசையாகச் சொல் என்றால் யாருக்கும் வராது. ஆனால் அதே மனிதர் கையில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டைக் கொடுத்தால் ஒரு மணி நேரம் பேசுவார்.

அதனால் இந்த வழிகாட்டி பொருளிலிருந்து தொடங்குகிறது. வீட்டில் கிடக்கும் ரசீது, கடிதம், நாணயம், புகைப்படம் ஒவ்வொன்றாக எடுத்து, அது எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்து, அதன்பின் அதைச் சுற்றியுள்ள கதையை எழுதுவது. தாலுகா அலுவலகத்தில் காகிதங்களோடு காலம் கழித்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். ஆண்டும் ஊரும் இல்லாத நினைவு, பேரன் காலத்தில் "தாத்தா ஏதோ சொல்வார்" என்று சுருங்கிவிடும். அதே நினைவோடு ஆண்டும் ஊரும் சேர்ந்துவிட்டால் அது அந்த ஊரின் வரலாறு.

முதலில் நேரமும் இடமும்

ஓய்வுக்காலத்தில் நேரம் நிறைய இருப்பதுபோல் தோன்றும். காலை நடை, பால், பேப்பர், காய்கறி, மின்கட்டணம், பேரனைப் பள்ளியில் விடுவது என்று பார்த்தால் மதியம் ஆகிவிடும். ஆகவே ஒரு நேரத்தை ஒதுக்கியே ஆக வேண்டும். காலை பத்து முதல் பதினொன்றரை நல்ல நேரம். வீட்டில் சமையல் வேகம் அடங்கியிருக்கும், சன்னல் வெளிச்சம் இருக்கும், கண்ணும் சோர்ந்திருக்காது. மாலையில் பழைய மை எழுத்தைப் படிப்பது கண்ணுக்குக் கெடுதல்.

தேவையானவை குறைவு. ஒரு மேசை, வெள்ளைத் துணி, பூதக்கண்ணாடி, மெல்லிய பெயின்ட் பிரஷ், பென்சில், கோடு போட்ட நோட்டு, கைபேசி. பழைய காகிதத் தூசி மூச்சுக்கு ஆகாது, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பேனா இந்த மேசைக்கு வரவே கூடாது. புகைப்படத்தின் பின்னால் பேனாவால் எழுதினால் சில ஆண்டுகளில் மை முன்பக்கம் ஊறும்.

பெட்டியை இறக்குங்கள், ஆனால் கலைக்காதீர்கள்

பரணில் ஒரு தகரப் பெட்டி, பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு துணிப்பை, பூஜை அலமாரியில் ஒரு மஞ்சள் பை. பெரும்பாலும் இவ்வளவுதான் ஒரு குடும்பத்தின் ஆவணக் காப்பகம். பரண் ஏறுவதை இளையவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பெட்டியைத் திறந்தவுடன் வகை பிரிக்கத் தோன்றும். கடிதம் ஒரு பக்கம், ரசீது ஒரு பக்கம் என்று. அப்படிச் செய்யாதீர்கள். எது எதோடு சேர்ந்து இருந்தது என்பதே ஒரு தகவல். அம்மா ஒரு கல்யாணப் பத்திரிகைக்குள் ஒரு நகைக்கடை ரசீதை மடித்து வைத்திருந்தால், அந்த நகை அந்தக் கல்யாணத்துக்கு வாங்கியது என்று அவர் சொல்லாமல் சொல்லியிருக்கிறார். முதலில் இருந்த வரிசையிலேயே கைபேசியில் படம் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, தனித் துண்டுச் சீட்டில் எழுதிச் செருகுங்கள். பிறகு பிரிக்கலாம்.

மடிந்து இறுகிய காகிதத்தை ஒரேயடியாக விரிக்க வேண்டாம். ஒரு நாள் காற்றாட விட்டு, மெதுவாகப் பிரித்து, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே ஒரு கனமான புத்தகம் வையுங்கள். கிழிசலை செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள். அது பழுப்பேறி, ஒட்டிய இடத்து எழுத்தையும் கொண்டுபோய்விடும்.

ஆண்டைக் கண்டுபிடிப்பது

இந்த வேலையின் உயிர் இதுதான். பழைய காகிதங்களில் பாதிக்குத் தேதி இருக்காது, அல்லது பாதித் தேதி இருக்கும். ஆனால் காகிதமே தன் வயதைச் சொல்லும்.

*பணம் பேசும் இடம்.* ரசீதில் ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டங்கள் இருந்தால் அது பெரும்பாலும் 1957க்கு முந்தியது. அந்தக் கணக்கில் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை, ஆக 192 பை. 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணய முறை வந்தது. ரூபாய்க்கு 100 நயா பைசா. "நயா" என்ற சொல் 1964 ஜூன் 1 முதல் கைவிடப்பட்டது. ஆகவே "ந.பை." என்று அச்சிட்ட எதுவும் அநேகமாக அந்த ஏழு ஆண்டுக்குள் அடங்கும். சில கடைகள் பழைய ரசீதுப் புத்தகம் தீரும்வரை அதையே பயன்படுத்தின என்பதால் ஓரிரு ஆண்டு முன்பின் விடுங்கள்.

பேச்சு வழக்கை மட்டும் இங்கே சாட்சியாக எடுக்க வேண்டாம். நாலணா, எட்டணா என்று 25 பைசாவையும் 50 பைசாவையும் நாம் தொண்ணூறுகள் வரை சொல்லிக்கொண்டிருந்தோம். "அப்போ டீ நாலணா" என்று ஒருவர் சொன்னால் அது 1950 ஆகவும் இருக்கலாம், 1975 ஆகவும் இருக்கலாம்.

நாணயங்களில் ஆண்டு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரக் குறி இருந்தால் பம்பாய் அக்கசாலை (நாணயம் அச்சிடும் இடம்), நட்சத்திரம் என்றால் ஐதராபாத், சிறு புள்ளி என்றால் நொய்டா, குறியே இல்லை என்றால் கல்கத்தா. இதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், அவர்களே உண்டியலை உடைத்துத் தேடுவார்கள். 1964ல் வந்த அறுகோண அலுமினிய மூன்று பைசா, 1968ல் வந்த தாமரை போட்ட பித்தளை இருபது பைசா இரண்டும் பல வீட்டு உண்டியலில் இன்னும் கிடக்கின்றன. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது.

*எடையும் அளவும்.* வீசை, பலம், மணங்கு, சேர் என்று இருந்தால் மெட்ரிக் முறைக்கு முந்தியது அல்லது மாறிய காலத்தையொட்டியது. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. ஒரு வீசை ஏறக்குறைய 1.4 கிலோ. மெட்ரிக் எடைகள் 1958 முதல் படிப்படியாக வந்து 1962ல் கட்டாயமாயின. கிராமத்துச் சந்தையில் படியும் ஆழாக்கும் அதன்பிறகும் வெகுகாலம் ஓடின. ஆகவே கடை ரசீதில் வீசை இருந்தால் அது வலுவான சாட்சி, அம்மாவின் சமையல் குறிப்பில் ஆழாக்கு இருந்தால் அது சாட்சியே இல்லை.

*தபால்.* இன்லண்ட் லெட்டர் 1950 அக்டோபர் 2 அன்று அறிமுகமானது. அஞ்சலட்டை அதைவிட மூத்தது, 1879 ஜூலையில் காலணா விலையில் வந்தது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. பின்கோடு இல்லாததை வைத்து முந்தியது என்று முடிவு கட்ட முடியாது, எழுதாமல் விடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தபால்தலையில் மதிப்புக்குப் பக்கத்தில் நயா பைசாக் குறி இருந்தால் 1957 முதல் 1964 வரை. ஜார்ஜ் மன்னர் தலை இருந்தால் சுதந்திரத்தை ஒட்டிய அல்லது அதற்கு முந்திய காலத்துக்குப் போய்விடுகிறோம். கொழும்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்த உறையில் சிலோன் என்று அச்சிட்டிருந்தால் 1972 மே மாதத்துக்கு முந்தியது, அந்த மாதம்தான் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா என்று மாறியது.

தந்தி கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள். 2013 ஜூலை நடுவில் நாடு முழுக்கத் தந்திச் சேவை நின்றுவிட்டது. வாழ்த்துத் தந்திகளுக்கு எண் முறை இருந்தது, வாசகத்தை முழுதாக எழுதாமல் அதற்குரிய எண்ணைக் கொடுத்தால் போதும். கல்யாண வீட்டில் வந்த தந்திகளை மேடையில் உரக்கப் படித்த வழக்கத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க ஒரு தந்தித் தாள் போதும்.

*எழுத்தின் உருவம்.* இது பலர் கவனிக்காத சான்று. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் லை, ளை, ணை, னை ஆகியவற்றின் கொம்பு எழுத்தோடு சேர்ந்து யானைத் தும்பிக்கைபோல் மேலே வளையும். ணா, றா, னா மூன்றும் கால் தனியாக இல்லாமல் சுழித்து எழுதப்படும். அச்சிட்ட பத்திரிகையில் பழைய உருவம் இருந்தால் எண்பதுகளின் தொடக்கத்தைத் தாண்டாது என்று கொள்ளலாம். புதிய உருவம் இருந்தால் கொஞ்சம் நிதானம் தேவை. பெரியார் 1935லேயே தம் குடியரசு இதழில் இந்த உருவங்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். திராவிட இயக்க வெளியீடு என்றால் புதிய எழுத்து முன்பே வந்திருக்கும். கையெழுத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய எழுத்து பயின்றவர்கள் கடைசிவரை தும்பிக்கை லைதான் போட்டார்கள்.

*ஊரின் பெயரும் மாவட்டமும்.* சென்னை மாநிலம் என்று இருந்தால் 1969 ஜனவரி 14க்கு முந்தியது, அன்றுதான் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. மாவட்டப் பெயர் இன்னும் நுட்பமாகக் காட்டிக்கொடுக்கும். காரைக்குடி என்று எழுதி இராமநாதபுரம் மாவட்டம் என்று போட்டிருந்தால் 1985க்கு முன். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்றால் 1985க்கும் 1997க்கும் இடையில். சிவகங்கை மாவட்டம் என்றால் அதற்குப் பின். தூத்துக்குடிக்கு வ.உ.சிதம்பரனார், விருதுநகருக்குக் காமராசர், ஈரோட்டுக்குப் பெரியார் என்று தலைவர்கள் பெயரில் மாவட்டங்கள் இருந்த காலம் அது. 1997ல் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் இத்தகைய பெயர்கள் நீக்கப்பட்டன. ஆகவே பல்லவன், பாண்டியன், சேரன், சோழன், கட்டபொம்மன், திருவள்ளுவர் என்று அச்சிட்ட பஸ் டிக்கெட் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து 1997 வரைக்குள் வரும்.

*ரயில்.* அந்தக் காலத்து அட்டை டிக்கெட்டில் மூன்றாம் வகுப்பு என்று இருந்தால் 1974க்கு முந்தியது, அந்த ஆண்டு மூன்றாம் வகுப்பு ஒழிக்கப்பட்டது. எஸ்.ஐ.ஆர். என்ற எழுத்து இருந்தால் அது சவுத் இந்தியன் ரயில்வே. 1951 ஏப்ரல் 14 அன்று அது மற்ற இரண்டு ரயில்வேக்களோடு இணைந்து தெற்கு ரயில்வே ஆனது. ரயில்வே குடும்பங்களில் இந்த எழுத்துப் பொறித்த விளக்கோ கூஜாவோ இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

*வருஷப் பெயர், பசலி, கொல்லம்.* பெரியவர்கள் கடிதத்தில் ஆங்கிலத் தேதி போடமாட்டார்கள். "குரோதி வருஷம் மார்கழி மீ 7உ" என்று இருக்கும். மீ என்பது மாதத்தின் குறி, உ போல் இருப்பது தேதியின் குறி. பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷப் பெயர்கள் எந்தப் பஞ்சாங்கத்திலும் வரிசையாக இருக்கும். உங்கள் கடிதத்தின் வருஷம் எத்தனையாவது என்று எண்ணுங்கள். அந்த எண்ணோடு 1866, 1926, 1986 இவற்றில் பொருந்துவதைக் கூட்டுங்கள். குரோதி 38வது. 1926ஐக் கூட்டினால் 1964, 1986ஐக் கூட்டினால் 2024. எழுதியவர் யார் என்று தெரிந்தால் எது சரி என்று தானே விளங்கும். மார்கழி பாதிக்குமேல், தை, மாசி, பங்குனி என்றால் ஓர் ஆண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

நிலத் தீர்வை ரசீதில் பசலி ஆண்டு இருக்கும். ஜூலை 1ல் தொடங்கி ஜூன் 30ல் முடியும் வருவாய்க் கணக்கு அது. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1374 என்றால் 1964 ஜூலை முதல் 1965 ஜூன் வரை. கிராமக் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கும் நாட்களில் பசலி என்ற சொல்லைத் தாலுகா அலுவலகத்தில் இன்றும் கேட்கலாம். கன்னியாகுமரி, நெல்லைப் பக்கத்துப் பழைய ஏடுகளில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆவணி முதல் மார்கழி நடுவரை 824, அதற்குப்பின் 825 கூட்டுங்கள்.

தீர்வை ரசீதில் கையெழுத்தையும் பாருங்கள். வரி வசூலித்த கிராம முன்சீப், நிலக் கணக்கு எழுதிய கர்ணம் என்ற பதவிகள் பரம்பரையாக வந்தவை. 1980 நவம்பரில் அவை ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் (வி.ஏ.ஓ.) வந்தார்கள். ஒரே புல எண்ணுக்கு முன்சீப் கையெழுத்திட்ட ரசீதும் வி.ஏ.ஓ. கையெழுத்திட்ட ரசீதும் உங்களிடம் இருந்தால், கிராமத்தில் அதிகாரம் கைமாறிய கதை உங்கள் கையில் இருக்கிறது. அந்த முன்சீப் யார், அவர் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கசப்பாக இருந்தாலும் எழுதுங்கள். இதை எழுத நம் தலைமுறையை விட்டால் ஆள் இல்லை.

ஒரு கடிதத்தை எடுத்துப் பார்ப்போம்

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று காட்ட, எங்கள் வீட்டு இன்லண்ட் லெட்டர் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். காரைக்குடியிலிருந்து பெரியப்பா என் அப்பாவுக்கு எழுதியது. தபால் முத்திரை மங்கிவிட்டது. மேலே "சார்வரி வருஷம் மார்கழி 12" என்று மட்டும் இருக்கிறது. "சிரஞ்சீவி தம்பிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். அவ்விடம் க்ஷேமத்துக்குப் பதில் போடவும்" என்று தொடங்கி, ரேடியோ வாங்கியதையும், லைசென்ஸுக்குப் பணம் கட்டியதையும், கத்தரிக்காய் வீசை விலை ஏறிவிட்டதையும், மாடு ஈன்றதையும் எழுதியிருக்கிறார்.

சார்வரி 34வது வருஷம். 1926ஐக் கூட்டினால் 1960. 1900ம் 2020ம் சார்வரிதான், ஆனால் இன்லண்ட் லெட்டரே 1950ல்தான் வந்தது என்பதால் முதலாவது அடிபடுகிறது, பெரியப்பா காலமாகி வெகுகாலம் ஆனதால் இரண்டாவதும் அடிபடுகிறது. அச்சிட்ட தபால்தலையில் நயா பைசாக் குறி. வீசைக் கணக்கு. பின்கோடு இல்லை. நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன. ஆக இது 1960 டிசம்பர் கடைசி வாரம்.

இனி கதை விரிகிறது. அன்று ரேடியோ வைத்திருக்க உரிமம் வேண்டும், தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்த நடைமுறை எண்பதுகள் வரை இருந்தது. திருச்சி வானொலி நிலையம் 1939 மே மாதத்திலிருந்தே ஒலிபரப்பியது. ஆனாலும் செட்டிநாட்டிலும் ராமநாதபுரத்திலும் மாலையில் முள் திரும்பியது இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்புக்குத்தான். இதை வைத்து வீட்டில் கேட்டால், ரேடியோ எந்த அறையில் இருந்தது, ஏரியல் கம்பி எங்கே கட்டியது, செய்தி கேட்க யாரெல்லாம் வந்தார்கள் என்று பதில்கள் வரத் தொடங்கும். ஒரு கத்தரிக்காய் விலையில் தொடங்கி ஒரு தெருவையே எழுதிவிடலாம்.

அடையாள நாட்களை வைத்து நினைவுகளைக் கட்டுவது

காகிதம் இல்லாத நினைவுகளுக்கு வேறு வழி. எல்லோருக்கும் நினைவிருக்கும் பொது நிகழ்வை ஒட்டிக் கேட்க வேண்டும். "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் தவறாக வரும். "அண்ணா இறந்தப்போ பெரியவன் பிறந்துட்டானா?" என்று கேட்டால் சரியாக வரும்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு சிறு பட்டியல்: நேரு மறைவு 1964 மே 27. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 இரவு. இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965 ஜனவரி. சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு 1968 ஜனவரி. அண்ணா மறைவு 1969 பிப்ரவரி 3. பெரியார் மறைவு 1973 டிசம்பர் 24. நெருக்கடி நிலை 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை. காமராசர் மறைவு 1975 அக்டோபர் 2. மதுரை உலகத் தமிழ் மாநாடு 1981 ஜனவரி. கிரிக்கெட் உலகக் கோப்பை 1983 ஜூன் 25. இந்திரா காந்தி மறைவு 1984 அக்டோபர் 31. எம்.ஜி.ஆர். மறைவு 1987 டிசம்பர் 24. சுனாமி 2004 டிசம்பர் 26. இதோடு உங்கள் ஊரின் வெள்ளம், ஏரி உடைந்தது, தேர் ஓடாமல் நின்றது, முதல் பஸ் வந்தது ஆகியவற்றையும் சேருங்கள். வீட்டுப் பெண்களுக்குப் பிரசவங்களும் கல்யாணங்களும்தான் காலண்டர். அவர்கள் சொல்லும் ஆண்டை நான் ஆண்கள் சொல்வதைவிட அதிகம் நம்புவேன்.

படிப்பை வைத்தும் கணக்கிடலாம். எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பில் முடித்து பி.யு.சி. (கல்லூரிப் புகுமுக வகுப்பு) போனவர் என்றால் பழைய முறை. 1978ல் மேல்நிலைக் கல்வி வந்தது, முதல் பிளஸ் டூ அணி 1980ல் தேர்வு எழுதியது.

தொலைக்காட்சி இன்னொரு நல்ல அடையாளம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல் தொடங்கியது. ஆனால் தென் கடலோர மாவட்டத்துக்காரர் பலரைக் கேட்டால், முதலில் பார்த்தது 1982ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியை என்பார்கள். உயரமான கம்பத்தில் ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பிவைத்து, காற்றடித்தால் மாடியேறிச் சரிசெய்த கதை தஞ்சைக் கடற்கரையிலிருந்து தூத்துக்குடி வரை கிடைக்கும்.

மற்றவரிடம் கேட்பது

உங்களைவிட மூத்தவர்கள் இருந்தால் உங்கள் நோட்டை மூடிவிட்டு முதலில் அவர்களிடம் போங்கள். இதில் தள்ளிப்போட இடமில்லை.

பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். கைபேசியில் பதிவு செய்யப்போவதை முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்குங்கள். அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு அத்தை?" என்ற கேள்விக்கு "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "கல்யாணத்துக்கு அப்புறம் புருஷன் வீட்டுக்கு எதுல போனீங்க? வழியில எங்க சாப்பிட்டீங்க? சாப்பாட்டை யார் கட்டிக் கொடுத்தா?" என்று கேளுங்கள். நீங்கள் எதிர்பார்க்காத ஊரும் சத்திரமும் சம்பவமும் வெளிவரும். அவர்கள் சொல்லும் தேதி தவறு என்று தெரிந்தாலும் இடைமறிக்க வேண்டாம். பேச்சு நின்றுவிடும். தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாகப்பிரிவினை, கடன், பிரிந்துபோன உறவு ஆகியவை வரும்போது ஒலிப்பதிவை நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், பிறகு நினைவிலிருந்தும் எழுதாதீர்கள்.

எழுதும் முறை

ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். மேலே எண், பொருளின் பெயர், ஆண்டு, ஊர். அதற்குக் கீழே அந்த ஆண்டை எப்படி முடிவு செய்தீர்கள் என்று ஒரு வரி. இதை விடவே கூடாது. "பசலி 1374, முன்சீப் கையெழுத்து" என்று எழுதிவைத்தால் நாளை படிப்பவர் சரிபார்க்க முடியும். பிறகு கதை.

கண்டது, கேட்டது, ஊகித்தது மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். "நான் பார்த்தேன்", "அம்மா சொல்வார்", "இருக்கலாம் என்று நினைக்கிறேன்" என்ற சொற்களே போதும். விலை, தூரம், நேரம், உணவு, துணி, பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். "அன்பான காலம்", "எளிமையான மக்கள்" என்ற சொற்களால் ஒருவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பேச்சு மொழியை அப்படியே வையுங்கள். தட்டச்சு வராவிட்டால் கைபேசியில் தமிழில் பேசினாலே எழுத்தாகிறது, பிழை திருத்தினால் போதும்.

உங்கள் வேலைக்காலத்தையும் இதே முறையில் எழுதுங்கள். முதல் சம்பளப் பட்டியல், மாறுதல் உத்தரவு, பணிப் பதிவேட்டின் நகல் எல்லாம் ஆவணங்களே. 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசின் தயவில் தரும் கொடை அல்ல, அது உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு முன் ஓய்வு பெற்றவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எழுத இன்னும் சிலர் இருக்கிறார்கள். வங்கியில் வரிசையில் நின்று உயிர்வாழ் சான்று கொடுத்ததையும், 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்று முறை வந்தபின் விரல் ரேகையில் அது முடிந்ததையும்கூட எழுதலாம். இன்று சாதாரணமாகத் தோன்றுவது முப்பது ஆண்டில் வரலாறு.

சரிபார்க்கும் இடங்கள்

உள்ளூர்க் கிளை நூலகத்தில் தொடங்குங்கள். 1948ல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்து நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம் நம்முடையது. சென்னை எழும்பூரில் 1896ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1955 முதல் இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி அங்கே வருகிறது. அரசு ஆவணங்களுக்கு எழும்பூரிலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் உண்டு. பழைய தமிழ் அச்சு நூல்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததிலிருந்து எழுந்தது அது. ஈழத்துக் குடும்பத் தொடர்பு இருந்தால் இணையத்தில் "நூலகம்" என்ற பெயரிலுள்ள திட்டத்தின் தொகுப்பைப் பாருங்கள். வீட்டுப் பத்திரம் பற்றிய ஐயத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் கைமாறிய வரிசை கிடைக்கும்.

ஓலைச்சுவடி கிடைத்தால் எண்ணெயோ தண்ணீரோ தொடாமல் அப்படியே துணியில் சுற்றி, சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ தஞ்சை சரசுவதி மகாலிலோ கேளுங்கள்.

பாதுகாத்து ஒப்படைப்பது

புகைப்படங்களை 600, காகிதங்களை 300 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யுங்கள். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், ஊர், பொருள் என்ற வரிசையில் இருக்கட்டும். அப்போது கணினியே காலவரிசைப்படி அடுக்கித் தரும். ஒரு பிரதி வீட்டில், ஒன்று வேறு ஊரிலுள்ள பிள்ளை வீட்டில். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் தரம் குறையும், கோப்பாக அனுப்புங்கள்.

மூலங்களைப் பரணுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள், அங்கே வெயில் காலத்துச் சூடு காகிதத்தை நொறுக்கிவிடும். ஒட்டும் பக்கமுள்ள ஆல்பத்தில் இருக்கும் படங்களை மெல்லப் பிரித்து, பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாகக் காகித உறையில் போட்டு, பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். ஆண்டுக்கு இருமுறை எடுத்து உதறிப் பூச்சி பாருங்கள். பூச்சி உருண்டையைக் காகிதத்தோடு ஒட்டாமல் மூலையில் வைக்க வேண்டும்.

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று விவரங்கள் எழுதுங்கள். மூலங்கள் எந்த அலமாரியில், ஸ்கேன் பிரதிகள் யாரிடம், உங்களுக்குப் பிறகு இவற்றை வைத்திருக்கப்போவது யார். அந்த மூன்றாவது பெயரை அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கி எழுதுங்கள். குடும்பத்தில் யாரும் முன்வராவிட்டால், ஊர் நூலகரிடமோ மேலே சொன்ன ஆய்வு நூலகங்களிலோ எழுத்துமூலம் கேட்டு, அவர்கள் ஏற்பதாகச் சொல்லும் பொருட்களின் பட்டியலை அதே பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.